வெறும் வண்டி

சீனன்குடா எடைமேடை, இரவு இரண்டு மணி.
கடைசி லொறி போய் நாற்பது நிமிடம்.
தராசின் சிவப்பு இலக்கம் பூச்சியத்துக்கு வராமல்
இருபதிலேயே நிற்கிறது.
மேடை நடுவில் நாய் படுத்திருக்கிறது.

கைப்பேசியில் ராஸ்.
போக்கர்தான், தலைகீழாக நிற்கும் போக்கர்.
ஆளுக்கு ஏழு கடதாசி,
அதில் தாழ்ந்த ஐந்து வெல்லும்.
காசில்லை, பொய்ச் சில்லுகள்.
யாருக்கும் நான் கடன் இல்லை, வீட்டுக்கும் சொல்லவில்லை.

முன்னூற்றி நாலு விளையாடிய கைக்கு
இது பிடிபடவேயில்லை.
ஜாக் என்றால் முப்பது என்று
நெஞ்சு தானாக நிமிர்ந்துவிடும்.
முதல் கிழமை முழுக்க
ராசாக்களுக்குக் கதிரை போட்டேன்,
சோடி விழுந்தால் சிரித்தேன்.
கச்சான் காற்றில் மாத்தூள் போல
சில்லெல்லாம் பறந்தது.

பிறகு எடைக் கொப்பியின் பின்மட்டையில் எழுதினேன்:
முதல் மூன்றும் எட்டுக்கு மேலே போகாதிருக்க வேண்டும்.
மூன்றும் வேறு வேறாக இருக்க வேண்டும்.
இல்லையென்றால் மடி.

மடி.
எழுதிவிட்டு அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
துணியையும் மடிக்கலாம், ஆளும் மடியலாம்,
பிள்ளையைக் கிடத்துகிற இடமும் அதுதான்.
ஒரு மணித்தியாலத்தில் முப்பது தரம் மடிந்தேன்.
ஒன்றும் ஆகவில்லை.

மற்றவர் முன் திறந்து கிடப்பதைப் பார்ப்பது
அடுத்த பாடம்.
என்னிடம் இரண்டு, நாலு, ஆறு என்றால்
மிச்ச இரண்டும் நாலும் ஆறும்
அவர்கள் முன்னே கிடப்பது நல்லது;
என்னுடையதைப் போலவே இன்னொன்று
என்னிடம் வந்து சேராது.
ஆசும் மூன்றும் ஐந்தும் மட்டும்
எவர் முன்னும் கண்ணில் படக்கூடாது.
இது விளங்கப் பதினொரு இரவு சென்றது.

கிண்ணியா லொறிக்கார றமீஸ் நானா
பில்லுக்குக் காத்து நின்றவர் எட்டிப் பார்த்தார்.
"தாழ்ந்தவன் வெல்லுற விளையாட்டோ, தங்கச்சி?
அப்ப நான் எப்பவோ வெண்டிருக்க வேணுமே."
சிரிக்கவில்லை அவர்.
நான்தான் சிரித்தேன், பிறகு நிறுத்திக்கொண்டேன்.

களவும் ஒன்று உண்டு, அது மட்டும் உடனே விளங்கியது.
எல்லோர் முன்னும் பெரிசு, என் முன்னே ஒரு இரண்டு;
கவிழ்ந்து கிடக்கும் மற்ற இரண்டும் ராணிகள்.
ஏற்று. அவர்கள் மடிவார்கள்.
மா ஏற்ற வெறுமையாய் வருகிற வண்டிகளில்
தண்ணீர்ப் பீப்பா நிரம்பியிருக்கும்,
கிளீனர் பெடியனும் உள்ளே இருப்பான்.
நிறைந்து திரும்பும்போது இரண்டும் இராது.
எட்டு வருடமாக நான் பார்ப்பது
கவிழ்த்து வைத்ததைத்தானே.

இன்றைக்கு ஆசும் மூன்றும் உள்ளே, நாலு வெளியே.
இதற்காகத்தான் இத்தனை இரவும்.
ஏற்றினேன்.
எட்டு காட்டிய ஒருவன் மட்டும் கூட வந்தான்,
எந்த நாட்டு விடியலில் இருக்கிறானோ.
நாலாவதாக எனக்கு ராசா. அவனுக்கு ராணி.
பரவாயில்லை.
ஐந்தாவதாக எனக்கு ராணி.
அவனுக்கு ஐந்து, நான் கேட்ட ஐந்து.

பின்மட்டையில் இதற்கு ஒரு வரியும் இல்லை.
தொடங்குவதற்கு மட்டுமே எழுதி வைத்திருந்தேன்.
விரல் கொஞ்ச நேரம் திரையின் மேல் நின்றது.
மடித்தேன்.

வெளிச்சம் திரும்பி வாசலில் விழுந்தது, ஹோன் ஒருதரம்.
நாய் எழுந்து, சோம்பல் முறித்து, இறங்கிப் போனது.
பூச்சியம்.
வெறும் வண்டி மெல்ல ஏறியது:
ஏழாயிரத்து நானூற்று அறுபது.
சாரதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
எங்கேயோ பார்த்தான்.

யன்னலைத் திறந்தேன்.
"சீற்றுக்குப் பின்னால இருக்கிறவர் இறங்குங்கோ."

கொஞ்ச நேரம் ஒருவரும் அசையவில்லை.
பிறகு கதவு திறந்தது.
இலக்கம் அறுபது குறைந்தது.