முள்

பத்து பார் என்கிறது வட்ட முகம்.
மிஸ் க்வேலா வால்வை மூடிவிட்டு
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள்:
பதினைந்து நிமிடம்.
முள் அசையக் கூடாது.

நானும் லுங்கேலோவும்
ஒரே பலகையின் முன் நிற்கிறோம்.
அவனுக்குப் பதினேழு, பதினோராம் வகுப்பு,
பள்ளிச் சப்பாத்து இன்னும் காலில்.
எனக்கு நாற்பத்தொன்பது.
பட்டறையில் மேசை பத்தவில்லை என்று
செவ்வாய்க்கிழமை மாலைகளில்
பிள்ளைகளையும் எங்களையும்
ஒன்றாகப் போட்டுவிட்டார்கள்.
பதிவேட்டில் கோகிலாம்பாள் படையாச்சி,
இங்கே எல்லாருக்கும் ஆன்ட்டி கோகி.
கொடுத்த நீல அங்கியின் மார்புப் பையில்
'பொங்கானி' என்று யாருடைய பெயரோ தைத்திருக்கிறது.
நல்ல தையல்.
பிரிக்க மனம் வரவில்லை.

இரண்டாவது நிமிடம்.
முள் அப்படியே.

இருபத்தொரு வருடம் காலர் தைத்தேன்.
காலர் மட்டும்.
ஒரு முழுச் சட்டை என் கையில் முடிந்ததில்லை.
பிறகு ஒரு வெள்ளிக்கிழமை
எந்திரங்கள் லாரி ஏறி லெசோதோ போயின.
எங்களை ஏற்ற லாரி வரவில்லை.

விண்ணப்பம் நிரப்பிய அன்று
கொழுந்தன் சிரித்தான்.
கோயில் மடப்பள்ளியில் ஒட்டிக்கொண்ட
நாலு வரித் தமிழில்
அவனுக்கு மனப்பாடமான பழமொழி ஒன்றுதான்:
ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?
நான் பதில் சொல்லவில்லை.
எனக்கும் தெரியாது அப்போது.
மூன்றாம் வாரம் தெரிந்தது.
செம்புக் குழாயைச் சிவக்கச் சுட்டு
நீரில் அமிழ்த்தி
உள்ளே சுருள்வில் நுழைத்து
முழங்காலில் வைத்து அழுத்தினால்
வளைகிறது.
நசுங்காமல் வளைகிறது.
கொழுந்தனிடம் இன்னும் சொல்லவில்லை.
அவன் வீட்டு சிங்க் ஒழுகுகிறது,
தானே கூப்பிடுவான்.

ஆறாவது நிமிடம்.
லுங்கேலோ மூச்சை அடக்கியிருக்கிறான்
முள்ளின் மேல் காற்றுப் படும் என்பதுபோல.
கணக்கெல்லாம் அவன் போட்டதுதான்.
முதல் குழாயை நாற்பது மில்லி
குறைத்து வெட்டிவிட்டேன் நான்.
துணியென்றால் ஒட்டுப் போட்டிருப்பேன்.
அவன் ஒன்றும் சொல்லாமல்
அதை மேசைக்கடியில் உதைத்துத் தள்ளி
வேறொன்று அளந்தான்.

வெருலம் மேட்டில் எங்கள் தெருவில்
குழாய் உண்டு. தண்ணீர் இல்லை,
இன்றோடு பதினோரு நாள்.
தண்ணீர் லாரி வரும் நேரம் இது.
என் வாளிகள் வரிசையில் நிற்கும்,
மகள் மேல்வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து
போன் பார்த்துக்கொண்டிருப்பாள்.
தண்ணீர் வராத ஊரில்
குழாய் வேலை படிக்கிறாயே என்கிறார்கள்.
வரும் அன்றைக்கு
எல்லார் வீட்டிலும் ஒழுகுமே, அதற்கு?

பதினோராவது நிமிடம்.
இறங்கியது.
இல்லை ஆன்ட்டி, என்கிறான் அவன்.
இறங்கியது.
ஊசி துளைத்த இடத்தை
நாள் முழுக்கப் பார்த்த கண் இது,
ஒரு மயிரிழை என்றாலும்
இறங்கியது இறங்கியதுதான்.

செய்தித்தாளைக் கீற்றாகக் கிழித்து
மூட்டு மூட்டாய் ஒற்றினோம்.
மொத்தம் பதினான்கு.
அவனுடைய ஒன்பதும் காய்ந்த தாள்.
என்னுடையதில் நான்கு.
பலகையின் பின்னால், இடது கீழ் முழங்கை,
போன வாரம் டாக்சியை நினைத்து
அவசரமாய் முடித்தது;
தாளில் ஒரு கொத்தமல்லி அளவு ஈரம்.

என்னுடையது, என்றேன்.
லுங்கேலோ சட்டென்று
'எங்களுடையது' என்றான்.
மிஸ் க்வேலா இரண்டையும் குறிக்கவில்லை.
வடித்துவிட்டுக் காய வை,
ஈரத்தில் ஈயம் பிடிக்காது, என்று மட்டும் சொல்லி
அடுத்த மேசைக்குப் போனாள்.

உலர்ந்த துணி தேடினான் அவன்.
என் கைப்பையில் எப்போதும் ஒன்று இருக்கும்:
பதினாறரை அளவு, வெள்ளை,
பொத்தான் துளை போடாத காலர்.
அதை மூட்டைச் சுற்றி இறுக்கிப் பிடித்தேன்.

கடைசி டாக்சி ஒன்பதுக்கு.
மணி எட்டு நாற்பது.
ஊதுவிளக்கு
மூன்றாவது தட்டலில்தான் பற்றியது.