உள்ள காஞ்சிச்சா

கற்பூரம் அடித்து அணைக்காத குறையாகச் சொன்னான்
எனக்கு விற்றவன்:
அடி வாங்காத போட்டு.
உள்ளே உட்கார்ந்திருந்த லேலண்ட் இன்ஜின்
முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.
காசிமேடே அதிரும் அந்தச் சத்தத்தில்
வேறெதுவும் என் காதில் விழவில்லை.

வாங்கி விற்கிறவன் நான்.
அலை கொஞ்சம் பெரிதானால் வாந்தி எடுப்பேன்.
தடைக்காலம் முடிவதற்குள் பெயிண்ட் அடித்துப்
பழவேற்காட்டு ரேணுகாவிடம் தள்ளிவிட்டால்
வட்டி போக எழுபதாயிரம் நிற்கும்.
அவ்வளவுதான் கணக்கு.

ஜெபராஜ் வந்தான்.
மற்ற மாதங்களில் கல்யாண மண்டபங்களுக்கு
பைபர் யானை செய்கிறவன்.
எதையும் அளக்கவில்லை.
பைக் சாவியை எடுத்து
அணியத்திலிருந்து தட்டிக்கொண்டே போனான்.
டக். டக். டக். டக்.
இன்ஜினுக்கு நேர் கீழே
தொப்.

இன்னொரு முறை தட்டினான். தொப்.
பூசணிக்காயைத் தட்டிப் பார்த்துவிட்டு
கூடையிலேயே திரும்ப வைப்பவனைப் போல
என்னைப் பார்த்தான்.

கிரைண்டர் ஓடியது.
நான் காசு கொடுத்த நீலம் போய்ப் பச்சை வந்தது.
பச்சைக்கு அடியில் பாதி தெலுங்கு எழுத்து.
அதற்கும் அடியில் பட்டி.
பட்டிக்குள்
மேட்டுக்குப் பதிலாக மடித்துத் திணித்த
உரச்சாக்கு.
நிகர எடை ஐம்பது கிலோ என்று
இன்னும் படிக்க முடிந்தது.

"ஓட்ட இத்துனூண்டுதானடா"
ரூபாய் அளவுக்கு விரலை வளைத்துக் காட்டினேன்.
"ஓட்ட அவ்ளோதாண்ணா.
நோவு எவ்ளோன்னு தோண்டுனாதான் தெரியும்."
ரூபாய் சாஸரானது, சாஸர் தட்டானது,
தட்டு தாம்பாளமாகும்போது
நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது
இன்ஜின் கட்டையில் நாலு துளை.
நாலிலும் தண்ணீர் கசிந்தது.
கடல் வாடை இல்லை.
மூடி மறந்த ஊறுகாய் ஜாடியின் புளித்த வாடை.

"இதும் மேலயே பிசின் போட்டா?"
"புடிக்கும். ஆறு மாசம் தாங்கும்."
ஆறு மாதம் எனக்குத் தாராளம்.
அதை நான் சொல்லவில்லை.
கேட்காதது மாதிரி அவன்
கோபால்ட்டையும் ஹார்டனரையும்
எட்ட எட்ட வைத்தான்.
இரண்டும் நேருக்கு நேர் சந்தித்தால் பற்றிக்கொள்ளுமாம்.
நடுவில் பிசின் இருந்தாக வேண்டுமாம்.
ஒரு குண்டு பல்பை வாங்கி வந்து
அடிவயிற்றுக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டான்.
"காயட்டும்ணா."

ஞாயிற்றுக்கிழமை ரேணுகா வந்தாள்.
கேள்விகளுக்கெல்லாம் பதில் வைத்திருந்தேன்:
டீசல் எவ்வளவு குடிக்கும்,
லைசென்ஸ் யார் பேரில்,
புரொபெல்லர் எப்போது மாற்றியது.
ஒன்றும் கேட்காமல் செல்போன் வெளிச்சத்தோடு
இன்ஜின் அறைக்குள் இறங்கினாள்.
வெகுநேரம் அங்கிருந்து
தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது.
நெற்றியில் கிரீஸோடு ஏறி வந்து கேட்டாள்:
"உள்ள காஞ்சிச்சா?"

அதற்குத்தான் பதில் தயாராக இல்லை.
ஜெபராஜ் உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தான்,
ஏற்கெனவே துடைத்த உருளையை.
"இல்ல" என்றது என் வாய்.
நான் அதனிடம் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

அட்வான்ஸ் கவரைப் பைக்குள் போட்டு
ஜிப்பை இழுத்தாள்.
"எண்ணூர்ல ஒண்ணு பாக்க போறேன்.
காஞ்சா போன் பண்ணு.
அதுக்குள்ள அது முடிஞ்சிட்டா
என்ன திட்டாத."

இன்றைக்குத் தூக்கம் இல்லை.
கண்ணாடித் தூள் முழங்கையில் ஏறி
தேங்காயெண்ணெய்க்கும் அசையாமல் அரிக்கிறது.
வேலை செய்தவன் அவன், சொறிகிறவன் நான்.
இரண்டரை மணிக்கு எழுந்து துறைமுகம் போனேன்.
ஐஸ் லாரி ஒன்று யாருக்கோ ஹாரன் அடித்தது.
பல்பு எரிந்துகொண்டிருந்தது.

துளைக்குக் கீழே பிசின் டப்பா மூடி ஒன்று.
நேற்று பதினோரு சொட்டு என்று
அதன் ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தான்.
குனிந்து எண்ணினேன்.
நாலு.
அதில் ஒன்று
என் நெற்றியிலிருந்து விழுந்ததாகவும் இருக்கலாம்.