ஆறு, இரண்டு, சைபர், ஐந்து

எங்கள் கொம்பனி கூடாரம் சுருட்டிய மாதம்
ஏலத்தில் எடுத்தேன், இந்த நாலு சில்லு வண்டியை.
கடைசிச் சம்பளத்தில் பாதி அதற்குப் போனது,
மிச்சம் ஒரு தண்ணீர்ப் பம்புக்கும்
இரண்டு மூட்டை விதைக் கச்சானுக்கும்.

மூன்று போகம் இழுத்தது.
நாலாவதில், வவுனிக்குளத்து அணைக்கட்டு ஏற்றத்தில்
இஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை.
பின் அச்சுக்குள் யாரோ கல் மெல்லும் சத்தம்.
மல்லாவி கராஜில் சொன்ன காசுக்கு
இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம்.

பஞ்சிகாவத்தைக்குப் போன் எடுத்தேன்.
"நம்பர் என்ன அக்கா?"
விளிம்பை மண்ணெண்ணெயால் துடைத்து வாசித்தேன்.
ஆறு, இரண்டு, சைபர், ஐந்து.
விடிய நாலரைக்கு மாங்குளம் சந்தியில்
முழுதாய் நிற்காத பஸ்சிலிருந்து
கொண்டக்டர் பொதியை நீட்டினான்.
சின்னப் பெட்டி. கை இறங்கிப்போனது.

முற்றத்தில் தறப்பாள் விரித்தேன்.
கழற்றியதை வைக்க ஒரு ஒழுங்கு உண்டு எனக்கு:
இடமிருந்து வலம், கழன்ற வரிசை,
ஒவ்வொன்றின் கீழும் சோக்கட்டியால் இலக்கம்.
"இன்னும் லேனுக்குள்ளதான் நிக்கிறாய், தவரூபி."
சுகிர்தமலர் சிரித்தாள்.
அவளும் பக்கத்து லேனில் ஒன்பது வருசம்.
இப்போது எனக்கு ரோச் பிடிக்க வந்திருக்கிறாள்.

கிளச் மூடியைத் திறக்க எரிந்த மணம்.
தட்டுகள், தலையும் பூவும் அழிந்த குற்றிபோல்.
புதியவை முதல் நாளிரவே எண்ணெயில் ஊறின,
உளுந்துச் சட்டிக்குப் பக்கத்தில்.
மாமி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு
திருப்பி மூடினா. ஒன்றும் கேட்கவில்லை.
ஐந்து ஸ்பிரிங். ஒன்றுவிட்டு ஒன்றாய்,
கால் சுற்று, பிறகு இன்னொரு கால் சுற்று.
அது என் விரலுக்குத் தெரிந்த வேலை.

பேரிங் அப்படியில்லை.
அடிக்கவேண்டும். உளியை வைத்து,
சுற்றிச் சுற்றி, பலமாய்.

சுத்தியலை உயர்த்தினேன்.
கை மேலேயே நின்றது.
மண்ணுக்குள் துரு தெரிந்தால்
மூச்சைப் பிடித்து,
தூரிகையால் மட்டும் தொட்டு,
விசில் ஊதி, வந்த வழியே திரும்பிய கை.
உள்ளங்கை அளவு. வட்டம். துரு.

ரோச் வெளிச்சம் விலகியது.
பார்த்தால் சுகிர்தமலர் ஓர் அடி பின்னால் நிற்கிறாள்.
அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.
"இருபத்தைஞ்சு மீற்றர் போறியோ?" என்றேன்.
இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.
அந்தச் சிரிப்போடேயே அடித்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை.
பேரிங்கும் அசையவில்லை.

பதினேழாவது அடிக்குப் பிய்ந்து வந்தது,
கூடு நொறுங்கி, குண்டுகள் சிதறி.
குண்டு என்றுதான் அதற்கும் பெயர்.
பொறுக்கி எண்ணினாள் சுகிர்தமலர்: எட்டு.
ஒன்பது இருக்கவேண்டும்.
பழைய இரும்புக்காரனுக்குப் போகிற சாமான்,
எட்டென்ன, ஒன்பதென்ன.
ஆனாலும் முழந்தாளில் இருந்தோம் இருவரும்,
சாணளவாய், ஒருவர் தடத்தை ஒருவர் மிதிக்காமல்.
சோடா மூடி. கொக்கி ஊசி. சட்டைப் பொத்தான்.
"அக்கா, கடை பூட்டப்போறன்!"
வேலிக்கு அப்பால் கடைக்காரப் பொடியன்.
புதுப் பேரிங் இரண்டும் நேற்றிலிருந்து
அவனுடைய பெட்டியில், ஐஸ்பழங்களுக்கு நடுவில்.

குளிரில் சுருங்கிய இரும்பு
அடுப்பில் சுட்ட கூட்டுக்குள்
சத்தமில்லாமல் போய் இருந்தது.
பெருவிரலால் தள்ளினேன், அவ்வளவுதான்.
பத்து மணிக்கு ஒழுங்கை முடிவுவரை ஓட்டினோம்.
கல் மெல்லவில்லை. நாய்கள் மட்டும் குரைத்தன.

ஒன்பதாவது குண்டு கிடைக்கவில்லை.
தேடி முடிக்காத இடத்தில் ஒரு தடி நட்டேன்,
நுனியில் சிவப்புப் பெயின்ற் தடவி.
காலையில் மாமி முற்றம் கூட்டினா.
தடியைச் சுற்றி
ஒரு முழம் விட்டுக் கூட்டினா.