முதல் விரல்

பெருமாள்புரத்திலிருந்து கேடிசி நகர் வரை
இந்த வருசம் நாற்பத்தொரு கதவுகளில்
துளை போட்டிருக்கிறேன்.
டிரில் மிஷினை அணைக்கும் முன்பே
எல்லா வீட்டிலும் அதே கேள்வி:
"நம்பலாமா தம்பி இத?"

பூட்டை நம்பலாம்.
நிலையைப் பாருங்கள் என்பேன்.
கறையான் தின்ற நிலை, கையால் தள்ளினால் ஆடும்.
ஆனிச் சாரலில் உப்பிய கதவு
நாக்கை உள்ளே விடாமல்
பீப் பீப் என்று அழும்.
வங்கி மேலாளர் ஒருவர்
இருபத்தெட்டாயிரத்துக்கு வாங்கியிருந்தார்.
அவர் வீட்டுப் பின்கதவைக்
கட்டுக்கம்பி சுற்றிச் சாத்தியிருந்தார்கள்.
சொல்லியிருக்கலாம்.
அன்றைக்கு எனக்குப் பசி.

முக்கூடலில் முப்பிடாதி அம்மாளுக்கு
ஓசூரிலிருந்து மகன் அனுப்பிய பெட்டி.
வலது பெருவிரலை வைக்கச் சொன்னேன்.
சிவப்பு.
ஆள்காட்டி விரல். சிவப்பு.
ஊதி, சேலையில் துடைத்து,
சோப்புப் போட்டுக் கழுவிவந்து
பத்து விரலும் வைத்தாயிற்று.
பத்தும் சிவப்பு.

முப்பத்தாறு வருசம்
இலை வெட்டித் தூள் வைத்துச் சுருட்டிய விரல்கள்.
நாளுக்கு ஆயிரம்.
ரேகை எந்தக் கட்டோடு போயிற்றோ,
எந்த ஊரில் யார் பற்றவைத்து இழுத்தாரோ.
"ரேசன் கடையிலயும் இப்படித்தான்,
நான் நானில்லன்னுட்டு" என்று சிரித்தாள்.
அந்தத் தேக்குக் கதவுக்குக் காசு கொடுத்ததும்
அதே விரல்கள்தான்.

நம்பர் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.
ஆறு இலக்கம். யாரிடமும் சொல்லக் கூடாது.
அவள் தெருவுக்கு இறங்கி
ஒவ்வோர் எண்ணாகக் கூவினாள்.
"ஏட்டி செல்லக்கனி, மனசுல வச்சுக்கட்டி!"
"சொல்லக் கூடாதும்மா."
"சொல்லாம, எனக்கு மறந்துட்டுன்னா
யாருகிட்டப் போயி கேக்க?"

பதினேழாம் நாள் மகன் பேசினான்.
ராத்திரி ரெண்டு பதினாலுக்குக் கதவு திறந்திருக்கு,
போன வாரமும் ஒரு நாள்.
எவனோ ஹேக் பண்ணுதான்.
நீங்க மாட்டுனது சரியில்ல.
பேட்டை தாண்டும்போதே மழை.
கருவிப்பையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

செல்லக்கனி அந்த வீட்டு அடுப்படியில் இருந்தாள்.
இடது கண் மூடி, கன்னம் கறுத்திருந்தது.
மடியில் பிள்ளை.
யாரும் விளக்கம் சொல்லவில்லை.
முப்பிடாதி அம்மாள் மட்டும்,
"ரெண்டு ராத்திரியும் வாசல்ல வந்து மிதிச்சான்.
நம்பர் அமுக்கிப் பாத்தான், அவனுக்குத் தோணுனத.
அஞ்சாவது தடவ அது போட்ட கூப்பாட்டுல
தெருவே முழிச்சிட்டு.
நல்ல பூட்டுதான் தம்பி."

தெருவுக்கே தெரிந்த நம்பர்
அவனுக்கு மட்டும் தெரியாது.

ஆனால் இருட்டில்,
ஒரு கையில் பிள்ளையை இடுக்கிக்கொண்டு,
நடுங்கும் விரலால் ஆறு இலக்கம்.
முதல் நாள் மூன்று முறை தப்பியதாம்.
செல்லக்கனியும் பீடிதான் சுற்றுகிறாள்,
நாலு வருசமாக.
ரேகை இன்னும் இருந்தது.
வைத்ததும் பச்சை.

இந்த விரலுக்குப் பெயர் என்ன
என்று கேட்டது செல்போன்.
மழை நிற்கும் வரை யோசித்து
'அம்மா' என்று அடித்தேன்.

பேட்டரி மட்டம், மாத்திட்டேன்,
இனி ஒண்ணும் வராது என்று
ஓசூருக்குச் சொன்னேன்.
நல்ல பையன். பணம் அனுப்பட்டுமா என்றான்.
இனி நடுச்சாமத்தில் அவனுக்குச் செய்தி வரும்:
அம்மா கதவைத் திறந்தார்.
விடிந்ததும் கூப்பிட்டுக் கேட்பான்.
தூக்கம் வரலய்யா என்பாள் அவள்.

நேற்று என்ஜிஓ காலனியில் ஒருவர்
காப்பி கொடுத்துவிட்டுக் கேட்டார்:
"மாட்டுறவனே நெனச்சா
ஏதாவது செய்ய முடியுமாமே?"

முடியும் சார் என்றேன்,
கடைசி ஸ்குரூவை முறுக்கிக்கொண்டே.