ஒன்பதும் மூன்றும்

"கணவாய் நூத்தி—"
என்றது போன்.
அப்புறம் காற்று.

நூறு கிலோ என்று கம்பெனி வண்டிக்குச் சொன்னேன்.
கரையேறியது நூற்று எழுபது.
நூறுக்கு ஐஸ் கொண்டுவந்த வண்டி
நூறை ஏற்றிக்கொண்டு போனது.
மீதி எழுபது கூத்தங்குழி மணலில் கிடந்து
பதினோரு மணி வெயிலில்
பாதி விலைக்குக் கேட்கப்பட்டது.

அந்த எழுபதுக்காகத்தான்
வள்ளியூர் பஸ்ஸில் நாங்கள் மூன்று பேர்.
வள்ளத்தில் ஆளுக்கொரு பங்கு,
ஆன்டெனாவில் ஆளுக்கொரு கட்சி.

கஸ்பார் மச்சானுக்கு நீளம் வேண்டும்.
"ஒம்பது டிபின்னு போட்டுருக்கான் பாரு,
மூணைவிட மூணு மடங்குல்லா?"
வியாகப்பனுக்கு மீன்முள்.
நடுவில் தண்டும் இருபுறமும் குச்சிகளுமாக
தின்று முடித்த சீலா போல ஒன்று
கண்ணாடிக்குள் தொங்கியது.
"டவரைப் பாத்து நீட்டினா
நேராப் போயி குத்தும்லா."
எனக்கு எது வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை.
எனக்கு வேண்டியது
நூற்றுக்குப் பின்னால் வருகிற எண்.

கடைக்காரர் ஞானசிகாமணி
எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு
எதிர் ஓட்டல் பரோட்டாக் கல்லைக் காட்டினார்.
"மாவு ஒரே மாவுதான்.
வீசுனா அகலும், அகண்டா மெலியும்.
ஒம்பது டிபிங்கது நல்லா வீசுன பரோட்டா,
தட்டையா ரொம்ப தூரம் போவும்.
வீட்டு மாடிக்கு அதான் சரி.
வள்ளம் சும்மா கெடக்குமா?"

கிடக்காது.
கச்சான் காற்றில் எங்கள் வள்ளம் சாயும்போது
அந்தத் தட்டையின் ஒரு விளிம்பு வானத்துக்கும்
மறு விளிம்பு தண்ணீருக்கும் போகும்.
மேலே நட்சத்திரத்துக்கும் கீழே திருக்கைக்கும்
முழு சிக்னல்.
கரைக்கு ஒன்றுமில்லை.

மீன்முள்ளோ ஒரே திசை பார்ப்பது.
நங்கூரம் போட்டாலும் நீவாடு வள்ளத்தைத் திருப்பிவிடும்.
கூடவே அதைத் திருப்பிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்,
அந்த ஆளுக்கும் பங்கு வைக்க வேண்டும்.

"மூணு டிபி பணியாரம் மாதிரி," என்றார்.
"தூரம் கொஞ்சம் கொறையும்.
சாஞ்சாலும் உருண்டாலும்
எல்லாப் பக்கமும் வயிறு."

குட்டையான வெள்ளைக் குழாய்,
முழங்கைக்கும் குறைவு.
"இதுக்கா பஸ் ஏறி வந்தோம்?" என்றார் மச்சான்.

இருக்கட்டுமே என்று பத்து மீட்டர் வயர் கேட்டேன்.
மீட்டருக்கு மீட்டர் வயரே குடித்துவிடுமாம்,
பிடித்ததில் பாதி
பெட்டிக்கு வருமுன்னே தீர்ந்துபோகுமாம்.
எனக்கு இது புதிதில்லை.
தரகன், எடைக்காரன், வட்டிக்காரன் என்று
கரைக்கும் வீட்டுக்கும் நடுவே
நானும் ஒரு வயரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.
தடித்தது, மூன்று மீட்டர். முடித்தோம்.

வைஃபைக்கும் ஒன்று வாங்கச் சொன்னான் வியாகப்பன்.
கரையை ஒட்டி வரும்போது
ஐஸ் பிளான்ட் வைஃபை ஓசியில் பிடிக்குமாம்.
"பாஸ்வேர்டு?"
"போன மாசம் வரைக்கும் தெரியும்."
வாங்கவில்லை.

அமரத்தில் நட்ட பைப்பின் உச்சியில் கட்டினோம்.
மூட்டுக்கு மூட்டு ரப்பர் டேப்,
உப்பு மோந்துகூடப் பார்க்காதபடி.
ரௌட்டர் என் இட்லிமாவு டப்பாவுக்குள் போனது,
மூடியில் ஓட்டை போட்ட பாவம் மச்சானுடையது.

திங்கட்கிழமை, விடியுமுன்.
அணுஉலை விளக்கெல்லாம் ஒரே பொட்டாகச் சுருங்கும்
தூரத்திலிருந்து போன் அடித்தது.
வெட்டில்லை, இரைச்சலில்லை.
வள்ளத்தில் அலை தட்டுவது கேட்டது.
மச்சான் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எமல்டா."
"எத்தன கிலோ?"
"ஒண்ணும் படல."
"எத்தன?"
"படலங்கேன் பிள்ள. சைபர்."

முழுசாக வந்து சேர்ந்தது சைபர்,
ஓர் ஓரம்கூட உடையாமல், வட்டமாக.
ஐஸ் உடைக்க வேண்டாமென்று
வண்டிக்காரனை எழுப்பிச் சொன்னேன்.