பசியாறியாச்சா

மருத்துவமனைத் தராசு நூற்றைம்பதோடு நின்றுவிட்டது.
மறுநாள் பிறையில், தம்பியின் கிடங்கில்,
வெங்காய மூட்டை நிறுக்கும் இரும்புத் தட்டில் ஏறினேன்.
நூற்று அறுபத்து மூன்று.
யாரும் சிரிக்கவில்லை.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பங்களாதேஷ் பையன்
எனக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
அன்று மாலையே கையெழுத்துப் போட்டேன்.

இரைப்பையில் ஒரு வாழைக்காய் அளவு மிச்சம் வைத்தார்கள்.
"மீதியை எங்கே போடுவீங்க?" என்றேன்.
டாக்டர் இயோ கண்ணாடியைத் துடைத்தார்.
"நிறைய பேர் கேட்கிறாங்க" என்றார். அவ்வளவுதான்.

நாலாம் மாதம். டத்தோ கெராமட் சாலைக் கடை.
நைனாமுகமது அண்ணன் வழக்கம்போல,
"என்னம்மா, பசியாறியாச்சா?"

வயிற்றில் ஐந்து துளை; ஐந்தும் ஆறிவிட்டன.
சீனி போடாத தே-ஓ எதிரே ஆறுகிறது.
ரொட்டி சானாயில் கால்வாசி,
மென்று மென்று மாவாகி, உள்ளே போய்விட்டது.
போதும் என்கிறது வயிறு.
கை மட்டும் தட்டைவிட்டு எழவில்லை.
அதற்கு யாரும் மயக்கமருந்து கொடுக்கவில்லை.

"ஆச்சுண்ணே."
மிச்சத்தைப் பொட்டலம் கட்டுகிறார்,
யாருக்கென்று கேட்காமல்.
காசு மட்டும்
முழு ரொட்டிக்கு.