மோனோ

செவ்வாய்ப்பேட்டைக் காயலான் கடையில்
எடைக்குத்தான் போட்டார் காஜா மொய்தீன்.
ஆறரைக் கிலோ, கிலோ நாற்பது.
"உள்ள ஒண்ணுமில்லம்மா, வெறும் டப்பா."
வெறும் டப்பாதான் வேண்டும் என்றேன்.
ஏற இறங்கப் பார்த்துவிட்டு
பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.

பல் துலக்காத நிறம்.
முன்னால் ஒரு பூட்டு, சாவி இல்லை.
டர்போ என்றொரு பட்டன்,
அதன் மேல் இரண்டு இலக்கம் காட்டும்
சிவப்புச் சன்னல்.
பக்கவாட்டில் பெயிண்டால் எழுதிய பெயர் பாதி உரிந்து
ஆத்தூர்ப் பக்கத்து சேகோ மில், ஆபீஸ், எண் இரண்டு
என்பதுவரை படிக்க முடிந்தது.

மூடியைக் கழற்றினால் மாவு.
காற்றுத் துளைகளில், ரிவெட் குழிகளில்,
எத்தனை வருட ஜவ்வரிசிக் கணக்கை
மூச்சோடு இழுத்ததோ.
மூன்று சாயங்காலம் பிரஷ்ஷால் துடைத்தேன்.
ஒரு பல்லி முட்டை ஓடும் கிடைத்தது.
தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்,
ஏன் என்று கேட்காதீர்கள்.

உள்ளே போனவை கொஞ்சம்தான்.
உள்ளங்கையில் அடங்கும் போர்டு,
ஒரு ஆம்ப்ளிஃபையர்,
பிளாப்பி நுழைந்த வாயில் வால்யூம் குமிழ்.
டர்போவை அழுத்தினால் அடுத்த உருப்படி.
சிவப்புச் சன்னலோடு மட்டும்
ஒரு ஞாயிறு முழுக்க மல்லுக்கட்டித் தோற்றேன்,
எதைப் போட்டாலும் அறுபத்தாறு.
"எந்த ஸ்டேஷன்க்கா அது?" என்றான் தம்பி.

முதல் இரவு உறுமியது.
பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு, ம்ம்ம்ம் என்று.
டப்பாவைத் தொட்டால் புறங்கையில் எறும்பு ஊர்ந்தது.
டெஸ்டர் வைத்தேன், மங்கலாய் எரிந்தது.
மின்வாரியத்தில் பதினேழு வருடம்,
யார் வீட்டில் எர்த் இல்லை என்று
எழுதி எழுதித் தேய்ந்த கை.
என் வீட்டில் இல்லை.

கொல்லையில் குழி வெட்டினேன்.
கருப்பூரில் எங்கள் மண்
மூன்றடிக்குக் கீழே வெள்ளை,
கடப்பாரை பட்டால் பொறி பறக்கும்.
மாதையன் வந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டார்.
மேக்னசைட் சுரங்கத்தில் இருந்த உடம்பு,
கல் எங்கே விட்டுக்கொடுக்கும் என்று தெரியும்.
குழாய், கரி, உப்பு, ஒரு குடம் தண்ணீர்.
உறுமல் செத்தது.

ஸ்பீக்கர் கடையில் ஜெயசீலன்
இரண்டு எடுத்து வைத்தான்.
ஒன்று போதும் என்றேன்.
"ஸ்டீரியோக்கா! இந்தப் பக்கம் நாதஸ்வரம்,
அந்தப் பக்கம் தவிலு, தனித்தனியா நிக்கும்."
ரெண்டு ரெசிஸ்டர் கொடு,
ரெண்டையும் ஒண்ணாக்கணும்.
"காசு குடுத்துப் பாதியாக்குவீங்களா?"
பாதியில்லை தம்பி என்றேன்.
அதற்கு மேல் விளக்கவில்லை.

வெடி எண்ணியவன் ஒன்றைத் தவறவிட்டான்,
அன்றிலிருந்து அவருக்கு
வலப்பக்கம் என்பது சுவர்.
சினிமாவுக்கு வருவார்,
பாட்டு வந்தால் வெளியே போய் நிற்பார்.
பஸ்ஸில் ஒருமுறை மகளின் இயர்போனை மாட்டிக்கொண்டவர்
கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்:
"தவில்காரன் வரலையா?"
மகள் சிரித்தாள்.
நான் ஓமலூர் வரைக்கும்
சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

டப்பாவை அவர் கட்டிலுக்கு இடப்பக்கம் வைத்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
ஏதோ தேரோட்டத்தில் யாரோ பதிந்தது,
நடுவே ஒரு குழந்தை அழுகிறது, பிறகு
தொப்பியில் ஓங்கி ஓர் அடி.
மேசை விரிப்பின் மேல்
உதிர்ந்தது வெள்ளைத் தூள்.
மூன்று சாயங்காலம் துடைத்தும், எங்கிருந்தோ.

மாதையன் எழுந்து வந்தார்.
விரலில் ஒற்றிக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்,
இருபது வருடம் வெள்ளையாகவே இருமியவர்.
நுனிநாக்கில் வைத்தார்.
"கல்லில்லை" என்றார்.
"மாவு."

பிறகு இடது தோளைக் கொடுத்து நின்றுகொண்டார்,
விரலை நீட்டியபடியே,
அடுத்த அடி விழட்டும் என்று.